மாப்பிள்ளைச் சொதியும் பின்னோக்கி வந்த கப்பலும்

எனக்குக் கல்யாணம் முடிந்த மறுநாள் காலை, ஒரு சரக்குக் கப்பல் என் மாமியார் வீட்டுப் பந்தியைக் கெடுக்கப் பார்த்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காய்கறியும் சேர்ந்த அந்தக் குழம்பை மாப்பிள்ளைக்குத்தான் முதலில் ஊற்ற வேண்டும், அவர் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிட வேண்டும் என்பது என் மாமியாரின் சட்டம்; அத்தை என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். பாளையங்கோட்டையில் அவர்கள் வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது எனக்குப் போன் வந்தது. கடலில் அடிபட்ட கப்பல்களை மீட்கும் தூத்துக்குடிக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. தண்ணீர் இறைக்கும் பம்புகள் என் பொறுப்பு. துறைமுகத்துக்கு வெளியே முந்தின நாள் இரண்டு கப்பல்கள் மோதி, ஒன்றின் முன்பக்கம் கிழிந்திருந்தது. சரக்கறைக்குள் தண்ணீர், பம்பு அடைத்துக்கொள்கிறது, உடனே வா என்றார்கள்.

அத்தை கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

"மாப்பிள்ளை இல்லாம என்ன சொதி? நீங்க வார வரைக்கும் ஒருத்தருக்கும் இலை போட மாட்டேன்."

என் மனைவி மட்டும், "அங்கன இருக்கவங்களும் யாரோ வீட்டுப் பிள்ளைங்கதான? பாத்துப் போயிட்டு வாங்க" என்றாள். என்னால் ஒரு கூட்டமே பட்டினி கிடக்கப்போகிறதே என்று நினைத்துக்கொண்டேதான் கிளம்பினேன்.

கப்பலில் ஏறிப் பார்த்தால், சரக்கு பாசிப்பருப்பு! மூட்டைகள் பிய்ந்து, பருப்பு ஊறி உப்பி, பம்புக் குழாயின் வாயில் அப்பிக்கிடந்தது. எங்கள் இழுவைக் கப்பலின் கேப்டன், "என்னவே புது மாப்ள, சொதி உம்மத் தேடி இங்கனயே வந்துட்டு!" என்று கத்தினார்.

குழாய்ச் சல்லடையைக் கழுவக் கழுவ அடைத்தது. தண்ணீரைக் குறைக்காமல் கப்பலைத் துறைமுகத்துக்கு இழுத்தால் அடுத்த அறையின் தடுப்பு தாங்காது. அப்போதுதான் கல்யாணச் சமையல்கட்டு ஞாபகம் வந்தது. சோற்று அண்டாவுக்குள் மூங்கில் கூடையை அமுக்கி, கூடைக்குள் ஊறி வரும் கஞ்சியை மட்டும் மொண்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் பெரிய மீன்கூடை ஒன்றில் சாக்கைச் சுற்றி, பாரம் கட்டி, பருப்புக்குள் அமுக்கினேன். குழாயை அதற்குள் இறக்கினேன். பருப்பு வெளியே நின்றுவிட்டது, தண்ணீர் மட்டும் உள்ளே வந்தது. பம்பு ஒரு தடவை செருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. வெட்கமில்லாமல் துள்ளிக் குதித்தேன்.

தண்ணீர் வடிய வடிய இழுக்கத் தொடங்கினோம். கிழிந்த இடத்தில் அலை அடிக்கக் கூடாதென்று கப்பலைப் பின்பக்கமாகக் கட்டி இழுப்பது வழக்கம். பின்னோக்கி, ஆள் நடக்கிற வேகத்தில் வந்தது அது. உச்சிவெயிலும் சாய்ந்துவிட்டது.

"அண்ணாச்சி, கொஞ்சம் வேகமாப் போகக் கூடாதா?"

"வடம் அறுந்துதுன்னா நாளைக்குத்தான் உமக்குச் சோறு. பைய போவோம் வே."

பொழுது இறங்கும் நேரத்தில் கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தோம். மாலுமிகள் எல்லாரும் மேலே நின்று கைதட்டினார்கள். எனக்கோ மாமியார் வீட்டை நினைத்துப் பயம். சிக்னல் கிடைத்ததும் மனைவியைக் கூப்பிட்டேன்.

"எல்லாரும் இன்னும் காத்துக்கிட்டா இருக்காங்க?"

"அதெல்லாம் மத்தியானமே சாப்ட்டாச்சு. பாதிப்பேர் ஒறங்குதாங்க."

"அத்தை எப்படி ஒத்துக்கிட்டாங்க?"

"எங்க ஒத்துக்கிட்டாங்க? சின்னப் பிள்ளைங்க பசியில அழுதுதுங்க. நான் போய் உங்க இலையில உக்காந்துட்டேன். அவங்க வேற நான் வேறயா, எனக்கு ஊத்துங்கன்னேன். அம்மா இன்னும் எங்கிட்ட பேச மாட்டேங்காங்க."

தாலி கட்டும்போது புகையிலும் கூட்டத்திலும் எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. யாரைக் கட்டியிருக்கிறேன் என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது. சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே, "சொதி எப்படி இருந்துது?" என்றேன்.

"உப்பு கம்மி. மாப்பிள்ளை குறை சொல்லக் கூடாதேன்னு பேசாமத் தின்னுட்டேன்."