பலகை உதைத்த ஞாயிற்றுக்கிழமை

கீழே பேஸ்மென்றில் வாள் மெசின் ஓடும் சத்தம் குசினித் தரைக்குள்ளால் பேபியின் பாதங்களுக்கு ஏறிக்கொண்டிருந்தது. பலகை வாளுக்குள் போகும்போது அந்தச் சத்தம் தடிக்கும். வெட்டு முடிந்ததும் மெலியும். பிறகு நிற்கும். இரண்டு வருடமாக வெங்காயம் வெட்டிக்கொண்டும் பருப்பு அவித்துக்கொண்டும் அவள் கேட்டு வந்த சத்தம். அது நிற்கிற ஒவ்வொரு முறையும் தன்னை அறியாமல் ஒரு பெருமூச்சு விடுவாள்.

அன்றைக்கும் சத்தம் தடித்தது. திடீரென்று யாரோ பெரிய கதவொன்றை அறைந்து சாத்தியது போல ஓர் அடி கேட்டது. தட்டில் இருந்த கிளாசுகள் கிலுங்கின. அதற்குப் பிறகு வாள் மெலிந்த குரலில் தன்பாட்டில் ஓடிக்கொண்டேயிருந்தது. அதை நிறுத்த ஒருவரும் வரவில்லை.

"இஞ்சாருங்கோ" என்றாள் பேபி.

படிக்கட்டு வாசலில் நின்று இன்னொரு தரம் கூப்பிட்டாள். வாள் மட்டும்தான் பதில் சொன்னது. கொடியில் கிடந்த துவாயை இழுத்து எடுத்தாள். எதற்கென்று அவளுடைய மனதுக்குத் தெரியும். அதை நினைத்துப் பார்க்கத்தான் துணிவில்லை. பதின்மூன்று படிகளையும் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு தெய்வத்தைக் கூப்பிட்டாள்.

இரத்தினவேல் உடுப்புத் தோய்க்கிற மெசினில் முதுகு சாய்த்து, கால்களை நீட்டியபடி நிலத்தில் இருந்தார். வாய் திறந்திருந்தது. மூச்சு வரவில்லை. அவள் முதலில் பார்த்தது அவருடைய கைகளைத்தான். வயிற்றைப் பொத்திப் பிடித்திருந்த விரல்கள் பத்தும் இருந்தன. ஒரு சொட்டு இரத்தம்கூட இல்லை. அவருக்குப் பக்கத்தில் நீளமான மேப்பிள் பலகை ஒன்று கிடந்தது.

வாளை நிறுத்துகிற பொத்தான் மேசைக்குக் கீழே இருந்தது. அதை அமத்த வேண்டுமென்றால் சுழலுகிற பற்களுக்குக் கிட்டக் குனிய வேண்டும். அவளுக்குக் கால் வரவில்லை. சுவரோடு ஒட்டி நகர்ந்துபோய், வயரைத் தேடிப் பிடித்துச் சுவரிலிருந்து பிடுங்கினாள். வாள் அப்போதும் உடனே நிற்கவில்லை. இறங்க மனமில்லாத பேய்போலச் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அந்த அமைதிக்குள் இரத்தினவேலின் முதல் மூச்சு விம்மலாக வந்தது.

"ஒண்டுமில்லை. மூச்சு அடைச்சுப்போச்சு. பயப்படாதையும்" என்றார்.

அவர் பிறப்பால் தச்சுவேலைக்காரர் அல்ல. சுன்னாகத்தில் கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்தவர். எண்பத்தேழாம் ஆண்டு றொரன்ரோவுக்கு வந்து, இரண்டு குளிர்காலம் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். பிறகு ஸ்காபரோவில் குசினி அலுமாரி செய்கிற ஒரு பக்டரியில் மரத்தூள் கூட்டப் போனார். கூட்டியபடியே மற்றவர்களின் கைகளைப் பார்த்தார். மூன்றாம் வருடம் அவரிடமே வாளைக் கொடுத்தார்கள். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் சாப்பிட வைத்திருந்த ஒரு பாணைக் கத்தியால் கீறிப் பேபிக்கு விளங்கப்படுத்தினார்.

"முன்பக்கத்துப் பல் பலகையைக் கீழை அமத்தும். பின்பக்கத்துப் பல் மேலை எழும்பும். வெட்டின பிளவு ஒடுங்கிப்போய்ப் பின்பல்லைக் கவ்விச்சுதெண்டால் பலகை துள்ளி எங்களைப் பாத்துத்தான் வரும். கிக்பாக் எண்டு சொல்லுறவங்கள். கண் இமைக்க முதல் உதைச்சுப்போடும்."

"கோப்பை உதைக்கேல்லைத்தானே. கோப்பையையே கழுவியிருக்கலாம்" என்றாள் பேபி.

அவர் சிரித்தார். "வாளுக்குப் பின்னாலை ஒரு தகடு நிக்கும். பிளவை ஒடுங்க விடாது. பிறகு நான் ஒருநாளும் வாளுக்கு நேரை நிக்கமாட்டன். ஒரு பக்கமாய் விலகித்தான் நிப்பன்."

சொன்னபடிதான் நடந்தார். பக்டரியில் அவருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. பிறகு அஜின்கோர்ட்டில் இந்த வீட்டை எடுத்ததும், பழைய வாள் மெசின் ஒன்றை வாங்கிப் பேஸ்மென்றில் வைத்தார். எங்கட சனம் வீடுகள் வாங்கத் தொடங்கிய காலம் அது. வெள்ளைக்காரன் கட்டிய வீட்டில் சாமியறை எங்கே இருக்கிறது? இரத்தினவேல் சாமி அலுமாரி செய்து கொடுத்தார். கதவைத் திறந்தால் முருகன். மூடினால் சாதாரண அலுமாரி. விபூதி வைக்க, இழுத்துத் திறக்கிற ஒரு லாச்சி. சாம்பிராணிப் புகை எழும்பி வீட்டு நெருப்பு மணி அடித்துவிடாமல் மேலே ஒரு தகரத் தட்டு. சனி ஞாயிறுகளில் அவருக்கு ஓய்வே இல்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஒக்ரோபரில் ஸ்ரௌவ்வில் பக்கம் புது வீடு வாங்கியிருந்த இராஜரட்ணத்துக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டது. குடிபூரலுக்கு நாள் வைத்தாகிவிட்டது. அதற்குள் ஆயுத பூசை வந்தது. வெள்ளிக்கிழமை இரத்தினவேல் வாள் மெசினைத் துடைத்து, வாளுக்கு மேலே இருக்கும் மூடியைக் கழற்றி, வாளில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அந்த மூடியும் பின்னாலே நிற்கிற தகடும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே சாமான். அதையும் உளிகளையும் அளவு நாடாவையும் பட்டுத் துணியில் வைத்து, தாங்கள் சாமியறையாக்கியிருந்த சின்ன அறையில் சரஸ்வதிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தது பேபிதான். அவளுடைய கண்ணுக்கு அது வெறும் இரும்பு.

சனிக்கிழமை காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி வந்தது. இரத்தினவேலின் சொந்தத்தில் ஒரு பெரியம்மா முறையானவ மோசம் போய்விட்டா. மூன்று நாள் சாவுத் துடக்கு, அதுவரை சாமிப் பக்கம் போகக்கூடாது.

"சாமியறையைத் திறந்துபோடாதேங்கோ. செவ்வாய்க்கிழமை தலை தோய்ஞ்சுபோட்டு நானே எல்லாத்தையும் எடுத்துத் தாறன்" என்றாள் பேபி.

அவர் ஒரு கணம் வாயைத் திறந்தார். பிறகு "சரி" என்று விட்டுவிட்டார். துடக்கு வீட்டில் சாமியறைக் கதவைத் திறக்க அவருக்கும் மனம் வரவில்லை. லோங் வீக்கென்ட். திங்களும் லீவு. இரண்டு நாளை வீணாக்கவும் மனம் வரவில்லை. ஞாயிறு காலை, மூடியும் தகடும் இல்லாத வாளுக்கு முன்னால் நின்றார். பக்டரியில் நீளப் பலகை என்றால் மறுபக்கம் ஒருவன் நின்று வாங்குவான். வீட்டில் ஆர் நிற்பது? தானே முழுப்பலத்தையும் போட்டுத் தள்ள வேண்டியிருந்ததால், தள்ளத் தள்ள அவருடைய உடம்பு வாளுக்கு நேரே வந்துவிட்டது. பிளவு ஒடுங்கியது. பலகை உதைத்தது.

பேபி அவரைத் தாங்கிப் படியேற்றி, சோபாவில் கிடத்தினாள். அவர் பிளேன்ரீ கேட்டார். குடித்தார். அம்புலன்சைக் கூப்பிட வேண்டாம் என்றார். பெல்ற்றுக்கு மேலே கைகாட்டினார். சிவப்பாக ஒரு கோடு. அவ்வளவுதான். "உதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனால் சிரிப்பாங்கள்."

அரை மணித்தியாலம் போனது. முகம் மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகியது. குளிரான நெற்றியில் வியர்வை முளைத்தது.

"இடது தோள்மூட்டு ஏன் இப்பிடி நோகுது?" என்று தனக்குத்தானே கேட்பதுபோலக் கேட்டார்.

அந்தக் கேள்விதான் பேபியை உலுக்கியது. அடி விழுந்தது வயிற்றில். தோளில் ஏன் நோக வேண்டும்? உடம்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது. இந்த மனிதர் "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று சொல்லிச் சொல்லியே தன் கண்ணுக்கு முன்னால் போய்விடுவார் என்று பயந்தாள். அவர் வேண்டாமென்று கையை அசைக்க அசைக்க, அவள் தொலைபேசியை எடுத்தாள். இங்கிலீசில் பேச வேண்டிய நேரங்களில் எப்போதும் அவருக்குப் பின்னால் ஒதுங்குகிறவள். "ஹஸ்பண்ட். பெரிய மரம். வயிறு. கம் பாஸ்ற்" என்று கிடைத்த சொற்களைக் கிடைத்தபடி எறிந்தாள்.

மண்ணீரல் கிழிந்து உள்ளே இரத்தம் கசிகிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். வெட்டி எடுக்க வேண்டி வரலாம் என்று கையெழுத்தும் வாங்கினார்கள். மூன்று நாள் அவள் அந்தக் கட்டிலின் கம்பியைப் பிடித்தபடியே இருந்தாள். நேர்ஸ் வந்து அவருடைய வயிற்றை அமத்தும்போதெல்லாம் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நாலாம் நாள் கசிவு தானாக நின்றுவிட்டது என்ற பிறகுதான் அழுகை வந்தது. பலகை ஏன் உதைத்ததென்று அதற்குள் அவர் சொல்லியிருந்தார்.

"நான்தான் சாமியறையைத் திறக்க வேண்டாமெண்டனான்" என்றாள்.

"நீர் தெரியாமல் சொன்னீர். நான் தெரிஞ்சுகொண்டு வெட்டினன்" என்றார் அவர். "அந்தத் தகடு இல்லாமல் வெட்டேலாதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நீர் விடுவீரே?"

"காலைப் பிடிச்சு இழுத்திருப்பன்."

"தெரியும். அதுதான் சொல்லேல்லை."

ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது, எதையும் பலமாகத் தள்ளக்கூடாது என்று சொல்லி வீட்டுக்கு விட்டார்கள். வந்த இரண்டாம் நாள் பின்னேரம் இராஜரட்ணம் வந்தார். ஹோர்லிக்ஸ் போத்தலும் அப்பிள் பையும் கையிலே. நாற்பது வயது, எப்போதும் சிரித்த முகம்.

"வேலண்ணை, ஆளைப் பாத்தால் சுகமாய்ப் போச்சுப்போலை கிடக்கு. அக்கா நல்லாச் சமைச்சுப் போடுறா."

"கஞ்சிதான் போடுறா" என்றார் இரத்தினவேல்.

தேத்தண்ணி வந்தது. கதை ஊருக்குப் போனது, புது வீட்டுக்கு வந்தது, கடைசியில் குடிபூரலுக்கு வந்து நின்றது. வாற வெள்ளி. ஐயருக்குச் சொல்லியாச்சு. மிசிசாகாவிலிருந்து பெண்சாதியின் ஆட்கள் எல்லாம் வருகினம்.

"ரெண்டு கதவுதானே அண்ணை மிச்சம். நாலே நாலு வெட்டு. தூக்கிறது, தள்ளுறது எல்லாம் நான் செய்யிறன். நீங்கள் கையை மட்டும் வைச்சால் காணும்."

பேபி கணவரைப் பார்த்தாள். அவர் ஆருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகாத மனிதர். சோபாவின் கையைப் பிடித்து எழும்பினார். "டொக்ரர் சொன்னவர்" என்று தொடங்கினாள்.

"சும்மா பாத்துப்போட்டு வாறம் அக்கா" என்றார் இராஜரட்ணம்.

இரண்டு பேரும் படியிறங்கினார்கள். பேபி பின்னாலேயே போய்ப் பாதிப் படியில் நின்றாள். அதற்குக் கீழே கால் போகவில்லை. இராஜரட்ணம் பலகையைத் தூக்கி மேசையில் வைத்தார். செருகியைச் சுவரில் குத்தினார். மூடியும் தகடும் இன்னும் சாமியறையிலேயே கிடந்தன. இரத்தினவேல் பொத்தானுக்குக் கையை நீட்டினார். அந்தக் கை பாதியில் நின்றுவிட்டது. அவர் அதைத் திருப்பி இழுத்துக்கொண்டார். இராஜரட்ணமும் கண்டுவிட்டார்.

"விடுங்கோ அண்ணை, நானே வெட்டுறன். நீங்கள் நிண்டு சொல்லித் தாங்கோ" என்று கீழே குனிந்து பொத்தானை அமத்தினார்.

வாள் அலறிக்கொண்டு கிளம்பியது. பேபி காதைப் பொத்தினாள். இராஜரட்ணம் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்தபடி, சிரித்த முகம் மாறாமல், வாளுக்கு நேரே போய் நின்றார். இரத்தினவேல் அடிபட்ட அதே இடம். அந்த வயிறும் அதே உயரத்தில் இருந்தது.

இரத்தினவேல் அந்த வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த கணம் வயரை எட்டிப் பிடுங்கினார். இராஜரட்ணத்தின் தோளைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தார். இழுத்த வலியில் அவருடைய முகம் கோணியது.

"என்ன அண்ணை?"

"எனக்குப் பயமாய்க் கிடக்கு, தம்பி." வாள் ஓயும்வரை காத்திருந்து அவர் சொன்னார். "உமக்குப் பயமில்லாமல் கிடக்கு. ரெண்டும் கூடாது. இந்த மெசினிலை இனி நானும் வெட்டுறேல்லை, நீரும் வெட்டுறேல்லை."

"நாலு வெட்டுக்கு ஏன் அண்ணை இவ்வளவு கதை? என்ரை நாள் என்னாகிறது?"

"அலுமாரியைக் கதவில்லாமல் கொண்டுபோய்ச் சீலையைக் கட்டிவிடும். இல்லாட்டி வேறை ஆரையும் பாரும். நான் உமக்குச் சொன்ன சொல்லுத் தவறினவன்தான். தவறினதாகவே இருக்கட்டும்."

பேபி இத்தனை வருடத்தில் அந்தக் குரலைக் கேட்டதில்லை. அந்தப் படியிலேயே குந்திவிட்டாள்.

மேலே வந்து இராஜரட்ணம் சப்பாத்தைப் போட்டார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "சரி, பாப்பம். உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். குடிபூரலுக்கு வாங்கோ என்று சொல்லவில்லை.

"பாத்துப் போம், தம்பி. படி வழுக்கும்" என்றார் இரத்தினவேல்.

வெளியே கார் கிளம்பியது. இரத்தினவேல் கதவைச் சாத்தப் போனார். அந்தக் கதவு கொஞ்சம் இறுக்கம், பலமாகத் தள்ள வேண்டும். பேபி அவருடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் தானே தள்ளிச் சாத்தினாள்.