எதிர் வீட்டுக்குப் போன நடைவண்டி

எங்கள் தெருவில் ஒரு நடைவண்டி இருந்தது. எந்த வீட்டுக்கும் அது சொந்தமில்லை. மூன்று மரச் சக்கரங்கள், குழந்தை பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை, எந்தக் காலத்திலோ பூசிய சிவப்பும் பச்சையும். மயிலம் திருவிழாவில் யாரோ வாங்கி வந்தது என்பார்கள். யார் என்று கேட்டால் ஆளுக்கொருவரைச் சொல்வார்கள். மரக்காணத்து உப்புக் காற்றில் இரும்பு ஆணி சீக்கிரமே துருப்பிடித்து உதிர்ந்துவிடும் என்பதால் மூட்டுகளில் எல்லாம் மரக் குச்சியைத்தான் செதுக்கி அடித்திருந்தார்கள்.

ஒரு வீட்டுக் குழந்தை நடக்கப் பழகிவிட்டால், அடுத்து எந்த வீட்டில் குழந்தை சுவரைப் பிடித்து எழுந்து நிற்கிறதோ அங்கே வண்டி போய்விடும். பெரியவர்கள் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கக் கூடாது. நடை பழகிய குழந்தையே அதைத் தள்ளிக்கொண்டு போய் விட வேண்டும். வாங்குகிற வீட்டில் அந்தக் குழந்தையின் வாயில் கொஞ்சம் சர்க்கரை போடுவார்கள். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கலந்து இருந்த தெரு எங்களுடையது. வண்டி இரண்டு பக்கமும் போய் வந்தது. யாரும் எழுதி வைத்த விதியில்லை, ஆனால் யாரும் மீறியதும் இல்லை.

நான் பெருமுக்கல் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். நுங்கு வண்டி ஓட்டினேன், புளியங்கொட்டையை ஊதி ஊதி ஆடினேன், பையன்களிடம் பம்பரத்தைப் பிடுங்கி விட்டேன். நடப்பதற்கென்று யாரும் எனக்கு வண்டி தரவில்லை. மாட்டுக் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்து நடந்தவள். அதனால் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் இந்த நடைவண்டிப் பெருமையைக் கேட்டு எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. திண்டிவனம் கடைத்தெருவில் கலர் கலராக வாக்கர் தொங்குகிறது, இவர்கள் ஊரே கடித்துத் துப்பிய கட்டையைக் கட்டிக்கொண்டு அழுகிறார்களே என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. குறுக்குக் கட்டையில் ஓரிடத்தைத் தடவிக் காட்டி, இது என் பல்லு என்றார். அவர் உப்பளத்தில் உப்பு வாரும் வேலைக்குப் போகிறவர். அதிகம் பேச மாட்டார். எனக்கு அவருக்கும் சேர்த்து வாய்.

எங்கள் மகள் பிறந்தபோது அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதாள். அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. ஒரு வயது தாண்டியும் உட்காரத் தடுமாறினாள். அந்தச் சமயத்தில்தான் பின் வீட்டுக் குழந்தை நடந்து முடித்தது. வரிசையில் அடுத்து எங்கள் வீடு. அவள் எழுந்து நிற்கும் வரை காத்திருக்காமல் வண்டியை எங்களுக்கே அனுப்பினார்கள். தத்தித் தத்தித் தள்ளிக்கொண்டு வந்த அந்தப் பொடிசின் வாயில் நான் ஒரு கை சர்க்கரையைக் கொட்டினேன். அது மூச்சு திணறி இருமியது. அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைய ஆரம்பித்தோம். பிறக்கும்போது மூளைக்குக் காற்று சரியாகப் போகவில்லை, புத்திக்கு ஒரு குறையும் இல்லை, கால்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்காது என்று டாக்டரம்மா விளக்கினார். கால் இறுகிப் போகாமல் பயிற்சி கொடுக்கச் சொன்னார். தனியாக நடப்பாளா என்று கேட்டேன். அதை எதிர்பார்க்காதீங்கம்மா என்றார். ஸ்கூலுக்குப் போகும் வயதில் வந்து சக்கர நாற்காலி வாங்கிக்கொள்ளுங்கள், இப்போதே பதிந்து வைக்கிறேன் என்றும் சொன்னார். நல்ல மனுஷிதான் பாவம். ஆனால் நான் மகளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"எம் பொண்ணு நடப்பா. உங்க நாற்காலி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அன்றிலிருந்து அந்த மரக்கட்டை வண்டிதான் எனக்குச் சாமி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. சாயங்காலம் வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அவளைத் தூக்கி வண்டிக்குள் நிறுத்துவேன். குறுக்குக் கட்டையில் அவள் கையை வைத்து, அதன் மேல் என் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வேன். கால்கள் கத்தரிக்கோல் போல ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். குதிகால் தரையைத் தொடாது. பிரித்து வைப்பேன், மறுபடி ஏறும். வாசலில் இருந்து தெருக்குழாய் வரைக்கும் போய்த் திரும்புவோம். அவளுக்கு வியர்த்து ஊற்றும், எனக்கும் ஊற்றும். தெருவில் யாராவது பாவம் என்று வாயெடுத்தால் நான் திரும்பிப் பார்க்கிற பார்வையில் பாதியிலேயே விழுங்கிவிடுவார்கள்.

உப்பள சீசனில் அவர் விடியுமுன்னே போய்விட்டு, பாதமெல்லாம் வெடித்து வெள்ளை பூத்துத் திரும்புவார். குளித்ததும் மகளை முதுகில் ஏற்றிக்கொண்டு, உப்பு வாங்கலியா உப்பு என்று தெருவையே சுற்றி வருவார். அவள் சிரிக்கிற சிரிப்பு கோடிவீடு வரைக்கும் கேட்கும். எனக்கு ஆத்திரமாக வரும். பகலெல்லாம் உப்பு சுமந்தது போதாதா, நீ இப்படித் தூக்கிச் சுமந்தால் அவள் எப்போது நடப்பாள் என்று சண்டைக்குப் போவேன். அவர் அவளோடு இன்னொரு சுற்றுக்குக் கிளம்பிவிடுவார். அவள் நடக்க மாட்டாள் என்பதை அவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மகள் வளர்ந்தாள். கால்கள் வளைந்துகொடுக்கவில்லை, வாய் நன்றாக நீண்டது. என் மகள்தானே. வாசற்படியில் உட்கார்ந்தபடி கல்லாங்காய் ஆடுவாள். அஞ்சு கல்லையும் தூக்கிப் போட்டுப் புறங்கையில் ஏந்துவதில் தெருவில் அவளை ஜெயிக்க ஆள் இல்லை. மற்ற பிள்ளைகள் பாண்டி ஆட ஆரம்பித்தால் இவள் நடுவர். கோடு மிதிச்சிட்ட, வெளிய போ என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே விரட்டுவாள். யாராவது இல்லை என்று சாதித்தால் எங்கம்மா மேல சத்தியமா என்று கேட்பாள். என் தலையில் சத்தியம் செய்து செய்தே பாதித் தெரு பிழைத்தது. இவ்வளவும் இருந்தும், சாயங்காலம் நான் வண்டியை எடுத்தால் அவள் முகம் சுருங்கிவிடும். ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்கவும் மாட்டேன்.

வண்டி எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டது. இடையில் தெருவில் குழந்தைகள் பிறந்தன, தவழ்ந்தன, நடந்தன. யாரும் வண்டியைக் கேட்கவில்லை. சிலர் சுவரைப் பிடிக்க வைத்துப் பழக்கினார்கள், சிலர் கடையில் பிளாஸ்டிக் வாக்கர் வாங்கினார்கள். எங்கள் வாசலைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். கேட்டிருந்தால் ஒரு மூச்சு சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன். கேட்காதவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது? அவர்களுடைய நல்ல மனசு எனக்கு முள்ளாகக் குத்தியது. ஆனாலும் வண்டியைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் என் மகள் நடக்க மாட்டாள் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். நான் பிடித்து வைத்திருந்தது தப்பென்று இன்றைக்கும் நினைக்கவில்லை. எந்தத் தாயும் பிடித்துத்தான் வைப்பாள்.

எதிர் வீட்டில் ஒரு பெண் இருந்தாள், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள். அவளுடைய பையன் எழுந்து நிற்க ஆரம்பித்திருந்தான். அவளும் ஒரு வாக்கர் வாங்கினாள். வட்டமாக, நடுவில் துணி வைத்து உட்காருகிற மாதிரி, பட்டனை அழுத்தினால் பாட்டு வரும். ஒரு சனிக்கிழமை காலையில், அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வாக்கர் வாசல் சரிவில் உருண்டு, குழந்தையோடு குப்புறக் கவிழ்ந்தது. உதடு கிழிந்து ரத்தம். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அது அடங்கியதும் அவளைப் பிடித்துக் கத்தினேன். எதிரில் வண்டி சும்மா நிற்கிறதே, வாயைத் திறந்து கேட்டால் என்ன, குழந்தையைக் கொன்றுவிடப் பார்த்தாயே என்று.

அவள் பையனின் வாயைத் துடைத்துக்கொண்டே, "எப்படிக்கா கேப்பேன்?" என்றாள்.

நான் திரும்பி வீட்டுக்கு வந்தேன்.

மகள் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பள்ளிக்கூடம் சேர்க்கிற வயது. தம்பிக்கு வண்டியைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாள். நீ நடந்த பிறகு கொடுக்கலாம் என்றேன். ஒவ்வொரு முறையும் நான் சொல்கிற பதில்தான் அது.

"நான் நடக்க மாட்டேன்மா" என்றாள். "எனக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியல."

சாதாரணமாகத்தான் சொன்னாள், சோறு வேண்டாம் என்பது போல. நான் அடுப்படிக்குள் போய், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். அன்று சாயங்காலம் வண்டியை எடுக்கவில்லை. அதை எடுக்காமல் விட்ட முதல் சாயங்காலம் அதுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு வேலையில்லை. காலையில் சாப்பிட்டதும் அவள், வண்டியை நானேதான் கொண்டுபோய் விடுவேன், எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானே விட்டார்கள் என்றாள். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வண்டியை நானே தள்ளிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. படியிலிருந்து உட்கார்ந்தவாக்கில் இறங்கி, முழங்காலில் எழுந்து, குறுக்குக் கட்டையைப் பிடித்தாள். முழங்காலில் நின்றால் அந்தக் கட்டை அவள் நெஞ்சுக்குச் சரியாக இருந்தது. இத்தனை வருஷமாக அவளைக் காலில் நிறுத்தத்தான் பார்த்தேனே தவிர, இப்படி ஒரு நாளும் நான் விட்டதில்லை.

தள்ளினாள். ஒரு முழங்காலை வைத்து, மூச்சு வாங்கி, அடுத்ததை இழுத்து வைத்தாள். எங்கள் தெரு இப்போது சிமெண்ட் தெரு. காலை வெயிலுக்கே சூடேறும். மேலே மணலும் சரளையும் கிடக்கும். நடுத்தெருவில் அவள் நின்று உள்ளங்கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். நான் பாய்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வுடு. அவ போவட்டும்."

அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். பாண்டி ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓரமாக ஒதுங்கின. மரச் சக்கரம் கிறீச்சிடுகிற சத்தம் மட்டும்தான்.

எதிர் வீட்டுப் பெண் வாசலில் மண்டி போட்டு உட்கார்ந்து காத்திருந்தாள். இடுப்பில் பையன், உதடு வீங்கியபடி. வண்டி அவள் முட்டியில் வந்து இடித்தது. அவள் எழுந்து உள்ளே ஓடிச் சர்க்கரை எடுத்து வந்து மகள் வாயில் போட்டாள். பாதி கீழே சிந்தியது. மகள்தான் பேசினாள்.

"எனக்குப் போதும் சித்தி. இனிமே தம்பிக்கு."

பையனை வண்டிக்குள் நிறுத்தியதும் அவன் கட்டையைப் பிடித்து, முதலில் அதைக் கடித்துப் பார்த்தான். மகள் சிரித்தாள். அவன் இரண்டு எட்டு வைத்தான். எனக்கு அந்தக் குழந்தை மேல் கோபம் வந்தது, ஒரு நொடிதான், ஆனால் வந்தது. பொய் சொல்வானேன்.

திரும்பி வரும்போது அவளை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். முட்டி எரியுதும்மா என்றாள். படியில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்து, சரளை ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாக எடுக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை. வாய்விட்டு அழுதேன். தெருவே பார்க்கட்டும் என்று அழுதேன்.

அவள் என் தலையைப் பிடித்துத் தூக்கி, வண்டி போய்விட்டதே என்று அழுகிறாயா என்று கேட்டாள். ஆமாண்டி என்றேன்.

"ஆஸ்பத்திரியில பெரிய சக்கரம் வச்சி ஒண்ணு இருந்துச்சே, அத வாங்கிக் குடு" என்றாள். "அதுல நான் இஸ்கூலுக்குப் போறேன். உக்காந்துக்கினே போறேன். கால் வலிக்காது இல்ல?"

கால் வலிக்கிறது என்று இத்தனை வருஷத்தில் அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. வலிக்காது கண்ணு என்றேன். நாளைக்கே போய்க் கேட்கலாம் என்றேன்.