அம்மாவுக்கென்று அவர் காட்டிய அறை

வீட்டை எங்களுக்கு விற்றவர் மீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நினைக்கவில்லை.

மலேசியாவில், ஆறு கடலில் சேரும் கோல சிலாங்கூரில் அந்த இரண்டு மாடி வீட்டைப் பார்க்கப் போன அன்று நானும் அம்மாவும் கேள்வி கேட்காமல் இல்லை. மூச்சுவிடாமல் கேட்டோம். எந்த ரப்பர் தோட்டம், எந்த லயத்து வீடு, அப்பா ஆட்களை மேய்க்கும் மண்டோரா, எந்தக் கோயிலில் ஞானஸ்நானம். அவர் எங்கள் தோட்டத்து ஆள்தான் என்று தெரிந்ததும் அம்மா சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவருடைய அம்மாவும் என் அம்மாவும் பக்கத்துப் பக்கத்து நிரையில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். அதற்குமேல் வீட்டைப் பற்றி என்ன கேட்பது? கூரை ஒழுகுமா, தண்ணீர் ஏறுமா என்று கேட்டால் அவரைத் திருடன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். வெளி ஆளாக இருந்திருந்தால் ஒவ்வொரு குழாயையும் திறந்து பார்த்திருப்பேன்.

அவரே முன்வந்து கீழ் அறையைத் திறந்து காட்டினார். ஒரு நாற்காலிகூட இல்லாமல் காலியாக இருந்தது.

"அம்மாவுக்கு இந்த ரூம் நல்லா இருக்கும் லா, தங்கச்சி. மாடி ஏற வேணாம்."

நான் நன்றி சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். பங்குச் சாமியார் வீட்டை மந்திரிக்க வந்த அன்றும் அவர் வந்தார். கீழ் அறையில் தீர்த்தம் தெளித்தபோது கண்ணை மூடி எங்களோடு செபம் சொன்னார்.

குடிவந்த ஆறாம் மாதம் கடல் பெருக்கு. நான் ரவாங்கில் வேலையில் இருந்தேன். நல்ல வெயில், ஒரு சொட்டு மழை இல்லை. கடல் தள்ளிய ஆற்றுத் தண்ணீர் சாக்கடை வழியாக ஏறிக் கீழ் அறைக்குள் வந்துவிட்டது. கால் அசையாத என் அம்மா, கறுப்புத் தண்ணீர் மெத்தையைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டே தனியாகக் கத்தியிருக்கிறாள். பக்கத்து வீட்டு மலாய்க்காரர்தான் ஓடிவந்து அவளை மாடிக்குத் தூக்கிப் போனார். வருஷா வருஷம் இப்படித்தான் என்று அவர் மனைவி சொன்னார். பழைய வீட்டுக்காரர் மாடியிலேயே இருப்பாராம், கீழ் அறையில் ஒரு சாமானும் வைக்க மாட்டாராம். எங்களிடம் சொல்லியிருப்பார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

வக்கீலிடம் போனேன். அவர் கேட்டது ஒன்றுதான்: தண்ணீர் ஏறுமா என்று நீங்கள் கேட்டீர்களா? கேட்டு, விற்றவர் பொய் சொல்லியிருந்தால் வழக்குக்கு வழி உண்டாம். பழைய வீட்டை விற்பவர் குறைகளைத் தானாக வாய்திறந்து சொல்ல வேண்டும் என்று இங்கே பொதுவாகச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை; உள்ளபடியே வாங்குகிறேன் என்று நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த அறையைக் காட்டி அம்மாவுக்கு நன்றாயிருக்கும் என்று சொன்னாரே என்றேன். அது அவருடைய அபிப்பிராயம் என்றார் வக்கீல். என்ன சட்டமோ! ஒரு பிஸ்கட் பொட்டலத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சடித்தாக வேண்டும், வீட்டுக்கு அது வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வீட்டை விற்றவரைப் பிடித்தேன்.

"நீங்க கேக்கவே இல்லையேம்மா" என்றார்.

"கேக்காமலே அந்த ரூமைக் காட்டுனீங்கல்ல?"

அவர் சாவியை எடுத்துக் கார் கதவைத் திறந்தார். பிறகு போய்விட்டார்.

அம்மா இப்போது மாடியில்தான் இருக்கிறாள். தூக்கி இறக்க ஆள் இல்லாததால் கோயிலுக்கும் வருவதில்லை. நான் வீடு திரும்பியதும் கேட்டாள்.

"அவனப் பாத்தியா? தண்ணி வரும்னு அவனுக்குத் தெரியுமா?"

தண்ணீர் வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் ஒரு பயம் இருந்தது. அதில் இதையும் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

"அவருக்குத் தெரியாதாம், அம்மா."

"நெனச்சேன். நம்ம தோட்டத்துப் பிள்ளை."

செபமாலையைக் கையில் எடுத்து, அவருக்காகவும் அவர் குடும்பத்துக்காகவும் அம்மா பத்து மணி உருட்டிச் செபம் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆமென் சொன்னேன்.