சீலை எடுக்கப் போன வேன்

"உங்க குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாருக்காவது இந்த நோய் இருந்திருக்கா?"

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இப்படிக் கேட்டது என் அத்தையிடம். அது 1996. பிளஸ் டூ முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன். "சும்மா இருக்கறதுக்கு என்கூட வா கண்ணு" என்று பழனியாத்தாள் அத்தை வெள்ளகோவிலில் என்னையும் பஸ் ஏற்றிக் கூட்டிப் போயிருந்தார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. காங்கேயம் ரோட்டில் தையல் கடை வைத்திருந்தார். ஊர்ப் பெண்கள் பாதிப் பேரின் ஜாக்கெட் அளவு அவருக்கு மனப்பாடம். ஆனால் தன் மார்பில் தட்டுப்பட்ட கட்டியை மட்டும், வலிக்கவில்லையே என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டார். அது புற்றுநோய் என்று அன்றுதான் தெரிந்தது.

டாக்டர் கேட்டதற்கு அத்தை சட்டென்று சொன்னார்: "எங்க கூட்டத்துல அப்படி யாருமில்லீங்க."

"கூட்டம் இருக்கட்டும்மா. உங்க அம்மா? அக்கா தங்கச்சி? அத்தை?"

"அம்மா நல்லாருக்குதுங்க. அத்தைங்க ரெண்டு பேரு இருந்தாங்க, நாப்பது வயசுலயே போய்ச் சேந்துட்டாங்க. ரெண்டு பேருக்கும் மார்ல புண்ணும்பாங்க. ஆனா அவங்களத்தான் கட்டிக் குடுத்தாச்சுங்களே. வேற கூட்டம் ஆயிட்டாங்க."

எங்கள் பக்கம் அப்படித்தான். கூட்டம் என்றால் குலம். கல்யாணமான பெண்ணைக் கணவன் கூட்டத்தில் சேர்த்துவிடுவோம்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கட்டிக் குடுத்தா குலசாமி மாறும். ரத்தம் மாறாதும்மா."

பிறகு பொறுமையாக விளக்கினார். இந்த நோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. ஆனால் சில குடும்பங்களில் மரபணுவில் ஒரு குறை தலைமுறை தலைமுறையாக இறங்கி வரும். அம்மா வழியாகவும் வரலாம், அப்பா வழியாகவும் வரலாம். குறை இருக்கும் எல்லோருக்கும் நோய் வந்தே தீரும் என்றில்லை. மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். அதைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை வெளிநாட்டில் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, இங்கே இல்லை.

"அதனால நம்மால முடிஞ்சது, யாருக்கு இருந்துச்சுன்னு மறைக்காமப் பேசறது. உங்க வீட்டுப் பொண்ணுங்க வருஷா வருஷம் வந்து காட்டறது."

அப்பா வழியாகவும் என்றதும் நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். நானும் அந்த வீட்டுப் பெண்தானே.

அறுவை சிகிச்சையில் அத்தைக்கு ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். கையைத் தூக்கிப் பழகச் சொன்னார்கள். துணியில் கோடு போடும் சாக்பீஸால் அத்தை சுவரில் கோடு போட்டுக்கொண்டு, விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றினார். மறுபடி மிஷினில் உட்கார்ந்ததும் முதலில் தைத்தது தனக்கொரு ஜாக்கெட், ஒரு பக்கம் பஞ்சு வைத்து.

அந்தச் சமயத்தில் ராசாத்தாள் பெரியம்மா கடைக்கு வந்தார். மாரில் புண் வந்து இறந்துபோன, அத்தையின் அந்த இரண்டு அத்தைகளில் மூத்தவரின் மகள் இவர். அத்தை மகள் என்பதால் அத்தை இவரை நங்கை என்று கூப்பிடுவார். பெரியம்மாவின் பெண்ணுக்குப் பெருந்துறையில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. கல்யாண ஜாக்கெட்டுகளைப் பற்றிப் பேச வந்தவரிடம் அத்தை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நங்கை, நீயும் ஒருக்காப் போய்க் காட்டிட்டு வந்துரு" என்றார்.

பெரியம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசு. எங்கம்மாளுக்கு வயித்துல கட்டின்னுதான் சம்பந்தி ஊட்டுல சொல்லியிருக்கறோம். தெரிஞ்சா கல்யாணம் நின்னு போயிராதா?"

"பொண்ணைத் தாரை வாக்கறப்ப நீ பக்கத்துல இருக்க வேண்டாமா?"

"எல்லாம் முடியட்டும், பாக்கலாம்."

"நானும் பாக்கலாம் பாக்கலாம்னுதான் இருந்தேன். இப்பப் பாரு, பஞ்சு வெச்சுப் போட்டுக்கிட்டுத் திரியறேன்."

பெரியம்மா சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் சீலை எடுக்க இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே வேனில் கோயமுத்தூர் ஜவுளிக்கடைக்குப் போனோம். கூறைச்சீலை எடுத்து முடித்தாயிற்று. மற்றவர்கள் அடுத்த சேலையின் கரை நிறத்துக்காக வாதாடிக்கொண்டிருந்தார்கள். அத்தை பெரியம்மாவின் கையைப் பிடித்தார். "வா, லைனிங் துணி பாத்துட்டு வரலாம்."

லைனிங் வெறும் சாக்கு, ஆஸ்பத்திரிக்குத்தான் கூப்பிடுகிறார் என்று பெரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அசையவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா சின்னத்தாயி திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க, லைனிங் இங்கயே இருக்குதே. எங்க கெளம்பிட்டீங்க?"

"எனக்கு ஆஸ்பத்திரில காட்டோணுங்க. மார்ல கேன்சர் கட்டி வந்து எடுத்துட்டாங்க. தொணைக்குக் கூப்புட்டேன்."

சேலை மடித்துக்கொண்டிருந்த கடைப் பையன் நிமிர்ந்து பார்த்தான். அத்தை தன்னைப் பற்றி மட்டும்தான் சொன்னார். ஆனால் பெரியம்மாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"எங்கம்மாளும் அதுலதானுங்க போச்சு. வயித்துக் கட்டின்னு உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டோம்."

சின்னத்தாயி மடியிலிருந்த சேலையை நகர்த்தி வைத்தார். "நீங்க போய்க் காட்டிட்டீங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் இங்க உக்காந்து என்னத்தப் பண்றீங்க? எந்திரிங்க." எழுந்து நின்றவர், அத்தையின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "நானும் வாரேனுங்க. எனக்கும் ஒண்ணு தட்டுப்படுது. யாருகிட்டச் சொல்றதுன்னு கூச்சமா இருந்துச்சு."

ஆஸ்பத்திரியில் பரிசோதித்ததில் சின்னத்தாயிக்கு இருந்தது வெறும் கொழுப்புக் கட்டி. "இத்தன வருசம் தின்ன நெய்யி எங்கயாவது இருக்கோணுமல்ல" என்று அத்தை சொல்ல, அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ராசாத்தாள் பெரியம்மாவுக்குத்தான் நோய் இருந்தது. கைக்குத் தட்டுப்படாத அளவு சின்னது, மார்பை எக்ஸ்ரே எடுத்ததால் தெரிந்தது. ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டதால் மார்பை எடுக்க வேண்டி வரவில்லை, கட்டியை மட்டும் அறுத்து எடுத்தார்கள். கல்யாணம் நின்று போகவில்லை. கொஞ்சம் தள்ளி வைத்தார்கள், அதுவும் பெரியம்மாவின் தையல் ஆறட்டும் என்று சின்னத்தாயியே கேட்டுக்கொண்டதால். தை மாதம் பெரியம்மா தன் கையால் நீர் ஊற்றித் தாரை வார்த்துக் கொடுத்தார்.

இப்போது 1998. அத்தை இன்னும் தைக்கிறார். அளவெடுக்க வரும் பெண்களிடம், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு டாக்டரம்மாவின் அதே கேள்வியைக் கேட்கிறார். "கட்டிக் குடுத்தவங்களையும் சேத்துச் சொல்லு அம்மணி" என்பதையும் விடுவதில்லை. நான் வருடத்துக்கு ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வருகிறேன். பயம் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் எதற்குப் பயப்படுகிறேன் என்று தெரிகிறது, என்ன செய்ய வேண்டும் என்றும் தெரிகிறது.

இதைப் படித்தவர்கள் உங்கள் வீட்டில் இருக்கும் பெண்களுக்குச் சொல்லுங்கள். முக்கியமாக, உங்கள் வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்துப் போனவர்களுக்கும், அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் சொல்லி அனுப்புங்கள். அவர்களைத்தான் நாங்கள் விட்டுவிட்டோம்.