புகைக் கொட்டகையில் ஒரு மேட்னி ஷோ

இந்தப் பதிவில் நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. அதற்கு என் முழு உத்தரவாதத்தையும் இப்போதே தந்துவிடுகிறேன். என் தங்கச்சி மக்களே நம்பியதில்லை. கல்யாண வீட்டில் நான் தொண்டையைச் செருமினால் போதும், "மாமா ஆரம்பிச்சிட்டாரு லா" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். அவர்களில் ஒருத்திதான் இந்த வலைப்பூவைத் திறந்து கொடுத்து, "இங்க எழுதுங்க மாமா, யாரும் குறுக்க பேச மாட்டாங்க" என்றாள். ஆகவே அகில உலகப் பயணிகளே, கேளுங்கள்.

இடம், மலாயாவில் சிரம்பானிலிருந்து லுக்குட் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு ரப்பர்த் தோட்டம். காலம், ஐம்பதுகளின் நடுவில், எமர்ஜென்சி. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் ராணுவம், தோட்டத்து ஜனங்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. இத்தனைக்கும் நடுவில் நாங்கள் புறப்பட்ட காரணம், ஒரு கல்யாணம்.

மாப்பிள்ளை எங்கள் ரத்தினம் அண்ணன். தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் காட்டுகிறவர். அவருடைய சாம்ராஜ்யம் என்னவென்றால் ஒரு வேன், ஒரு புரொஜெக்டர், ஒரு ஜெனரேட்டர், இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த ஒரு திரை. நான் அந்தச் சாம்ராஜ்யத்தின் தலைமைத் தொழில்நுட்ப ஆலோசகர். ஓடி முடிந்த ரீலைத் திருப்பிச் சுற்றுவேன் என்று அதற்கு அர்த்தம்.

பெண் அந்தத் தோட்டத்துச் செல்லம்மா. பெண்ணைப் பெற்றவர் அங்கம்மாள், களை பிடுங்குகிற கூட்டத்துக்கு மண்டோர். புருசன் இல்லாத பொம்பளை, நாற்பது பேரை மேய்க்கிறவர். அவர் ஒரு அதட்டுப் போட்டால் ரப்பர் மரங்கள் வெட்டாமலே பால் வடிக்கும் என்று அந்தப் பக்கம் பேச்சு. ஆனால் போன தடவை நாங்கள் காட்டிய படத்தில் கதாநாயகனின் தாயார் செத்துப்போக, அங்கம்மாள் விக்கி விக்கி அழுதுவிட்டார். மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுப்பில், அவர் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்ததும், வரிசையின் கடைசியிலிருந்து எவளோ ஒருத்தி, "அய்யோ என்னப் பெத்த ஆத்தா" என்று அதே ராகத்தில் இழுத்தாள். நாற்பது பேரும் சிரித்தார்கள். அன்றோடு அதட்டலுக்கு மவுசு போயிற்று.

அதற்குப் பிறகுதான் ரத்தினம் அண்ணன் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். பதில் வந்தது: "அழுவுற படம் காட்டுறவனுக்கு எம் பொண்ணு கெடையாது. யாரும் சாவாத படம் ஒண்ணு கொண்டாந்து காட்டட்டும், அப்பறம் பேசுவோம்." கூடவே இன்னொரு சேதி. செனாவாங் பக்கத்திலிருந்து ஒரு லோரி டிரைவர் அடுத்த வாரம் பெண் பார்க்க வருகிறாராம்.

அண்ணன் சிரம்பான் முழுக்க அலைந்தார். கிடைக்கவேண்டிய சிரிப்புப் படம் மலாக்காவில் மாட்டிக்கொண்டது. கையில் கிடைத்தது ஒரே பெட்டி. அந்தப் படத்தின் பெயரை நான் சொல்லமாட்டேன். கதாநாயகி முதல் ரீலில் இருமுகிறாள் என்று மட்டும் சொல்கிறேன். அந்தக் காலத்துத் தமிழ்ப் படத்தில் முதல் ரீலில் இருமியவள் கடைசி ரீலைத் தாண்டியதாகச் சரித்திரமே இல்லை.

சிரம்பானில் எங்கள் தெமியாங்கிலிருந்து காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். லுக்குட் பதினாறு மைல், அதற்குச் சற்று முன்னால் திரும்பினால் செம்மண் பாதையில் மூன்று மைல். எங்கள் வேன் மணிக்கு நூறு மைல் போகும், பள்ளத்தில் இறங்கும்போது. மேட்டில் ஏறும்போது மலைப்பாம்பு அளவு அட்டைகள் எங்களை முந்திப் போயின. ஒரு அட்டை பரிதாபப்பட்டு நின்று பின்னாலிருந்து தள்ளிவிட்டது. பாதை நடுவில் ஒரு புலி உட்கார்ந்திருந்தது. அது எழுந்து நின்று தன் ஐ.சி. அடையாளக் கார்டைக் காட்டிவிட்டு ஓரமாகப் போயிற்று. காலம் அப்படி.

மூன்று இடத்தில் சோதனை. காட்டில் இருக்கிறவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பதற்காக அரிசி கொண்டுபோகக் கூடாது. பால் டின் வாங்கினால்கூடக் கடைக்காரரே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். ஓட்டை விழுந்த டின்னைப் பதுக்கி வைக்க முடியாதல்லவா. மூன்றாவது சோதனையில் ஒரு கான்ஸ்டபிள் வேனுக்குள் தலையை விட்டு எங்கள் படப் பெட்டிகளைப் பார்த்தார். வட்ட வட்டமான தகர டின்கள்.

"டின்னா? ஓட்டை எங்க?"

"ஐயா, இது படம். திங்கிற சாமான் இல்ல."

"டின்னு டின்னுதான் லா."

அத்தனை மூடியிலும் ஆணி வைத்து ஓட்டை போட்ட பிறகுதான் தடுப்பு மேலே போயிற்று. "பரவால்லடா சாமி, உள்ள இருக்கிற கதாநாயகி நெஞ்சு நோவுக்காரி. காத்து வாங்கட்டும்" என்று அண்ணன் தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

மாலை ஆறு மணிக்கு வேலிக் கதவைப் பூட்டிவிடுவார்கள். வெளியாட்கள் அதற்குள் போய்விட வேண்டும். அதனால் படம் பகலில்தான். பட்டப்பகலில் இருட்டுக்கு எங்கே போவது? தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதுகிறவர், ஒரு வழி சொல்லியிருந்தார். ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடுகிற கொட்டகை. ஜன்னல் கிடையாது. முந்தின நாள்தான் ஷீட்டுகளை லோரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். ஷீட் தொங்கும் கழிகளை எடுத்துவிட்டால் அமாவாசையே வந்து பாய் விரித்துப் படுக்கும், அப்படி ஒரு இருட்டு. ஒரே குறை, வெளியிலிருந்து விறகு தள்ளுகிற அடுப்பு முழுசாக அணையவில்லை. பல வருஷத்துப் புகை சுவரிலிருந்து வேறு கசிந்துகொண்டிருந்தது.

இங்கே பயணிகளுக்கு ஒரு சினிமாப் பாடம். அந்தக் காலத்துப் படங்களில் எது நிஜம், எது கனவு என்று யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். படமே சொல்லும். நிஜம் என்றால் காட்சி பளிச்சென்று இருக்கும், சுவரில் விழுந்த கீறல்கூடத் தெரியும். கனவு என்றால் முதலில் படம் குளத்துத் தண்ணீர் மாதிரி அலையும், முகங்கள் மெல்லிசுத் துணி போர்த்தியதுபோல் குழையும், பிறகு தரையிலிருந்து புகை கிளம்பும். புகைக்குள் கதாநாயகி நடப்பாள், கால் தெரியாது. தேவலோகத்துக்கும் அதே புகைதான், பழைய நினைவுக்கும் அதேதான். எழுத்துப் படிக்காதவர்கள்கூட இந்தப் பாஷையை என்னைவிட நன்றாகப் படிப்பார்கள். புகை வந்தால் கனவு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

தோட்டத்து ஜனங்கள் பால்மரம் வெட்டி முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்து, குளித்துவிட்டு வந்தார்கள். இரண்டு மணிக்கு ஷோ, டிக்கெட் முப்பது காசு. கொட்டகைக்குள் நூறு பேர், என் கணக்கில் ஒரு லட்சம். அங்கம்மாள் முன் வரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்தார். செல்லம்மா இரண்டு வரிசை தள்ளி, யாரையும் பார்க்காதவள்போல் புரொஜெக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் முதல் ரீலை மாட்டினார். "மொத இருமல்லயே அந்தம்மா எழுந்திரிச்சுப் போயிரும்டா" என்றார்.

படம் ஓடியது. புரொஜெக்டரின் வெளிச்சம் புகையில் விழுந்து, கொட்டகைக்கு நடுவில் ஒரு வெள்ளை ஆறு பாய்ந்தது. திரையில் பாதிப் படம், காற்றில் பாதிப் படம். கதாநாயகன், கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பால்மரம் வெட்டுகிற குப்புசாமியின் தலைமேல் நடந்து போனான். கதாநாயகிக்கு மாமியாராகப் போகிறவளின் முகம் கூரை வரைக்கும் மிதந்தது. கதாநாயகி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

அதே நொடியில் கொட்டகையில் இருந்த நூறு பேரும் இருமினார்கள்.

"பாவம், அவளுக்கும் பொக ஒத்துக்கல" என்றார் அங்கம்மாள்.

ரத்தினம் அண்ணன் என் தோளைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கியது. இன்றைக்கும் மழைக்கு வலிக்கும். பிறகு ஒவ்வொரு ரீலும் ஒரு திருவிழா. வீட்டை விட்டு அவளைத் துரத்தினார்கள். "கனா லா இது, பயப்படாத" என்று பின்னாலிருந்து ஒருத்தர் தைரியம் சொன்னார். வைத்தியர் கையை விரித்தார். "கனாவுல வர்ற டாக்டருக்கு என்ன தெரியும்?" என்றாள் இன்னொருத்தி. அங்கம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது, எல்லோருக்கும் கொட்டியதுபோல.

கடைசி ரீலுக்கு முந்தின ரீலில் வந்தது ஆபத்து. கதவு படாரென்று திறந்தது. ரோந்து வந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் நாலு பேர், முன்னால் ஒஸ்மான். தோட்டத்திலேயே காவல் இருந்து தமிழ் பழகிய மலாய்க்காரர். கொட்டகையிலிருந்து நூறு பேர் இருமுகிற சத்தம் கேட்டு என்னமோ ஏதோ என்று ஓடி வந்திருக்கிறார்கள். எல்லோருடைய ஐ.சி.யையும் பார்த்தார்கள். கால் மணி நேரம் கதவு திறந்தே கிடந்தது. எங்கள் புகை, எங்கள் அருமைப் புகை, ஒரு பொட்டு விடாமல் வெளியே போயிற்று. "இது வாயாங்தானா, படமா? நானும் பாக்குறேன்" என்று ஒஸ்மான் கதவோரமாக உட்கார்ந்துகொண்டார்.

கதவைச் சாத்தினோம். படம் கண்ணாடிபோல் பளிச்சென்று விழுந்தது. அந்த இடத்தில்தான் கதாநாயகி படுக்கையில் கிடந்தபடி கனவு காண்கிறாள். மாலை, மேளம், தாலி, கதாநாயகன் சிரிக்கிறான். சென்னையில் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் புண்ணியவான்கள் புகை போடத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு மணி நேரம் எங்கள் புகையைக் குடித்த கண்ணுக்கு அது வெறும் சாம்பிராணி.

"ஆ, இப்பத்தான் முழிச்சுக்கிட்டா!" என்று கூட்டம் கைதட்டியது. "கல்யாணம் ஆயிருச்சு!"

அடுத்த ரீல் சாவு. பளிச்சென்று விழுந்தால் எல்லாம் முடிந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். தலைமைத் தொழில்நுட்ப ஆலோசகரான நான் வெளியே ஓடினேன். அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த பச்சை ரப்பர்க் கட்டைகளை அள்ளி, ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே தள்ளினேன். கிளம்பிய புகையில் போர்ட் டிக்சன் கடற்கரையில் கப்பல்கள் விளக்குப் போட்டன.

உள்ளே வந்தபோது திரையே இல்லை. வெள்ளையாக ஒரு மேகம், அதற்குள்ளிருந்து அழுகைச் சத்தம் மட்டும்.

"மறுபடி தூங்கிட்டாடா! யாராச்சும் அவள எழுப்பி விடுங்க!" என்று அங்கம்மாள் கத்தினார். கூரை பறக்கச் சிரித்தார்கள். படம் முடிந்தது.

வெளியே வெயிலில் நூறு பேரும் சிவந்த கண்ணும் கரி முகமுமாக நின்றார்கள். ரத்தினம் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு அங்கம்மாள் முன்னால் போய் நின்றார்.

"நீ சொன்ன மாதிரியே கொண்டாந்துட்ட" என்றார் அங்கம்மாள். "யாரும் சாவல."

ஒஸ்மான் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்ன மண்டோரம்மா, அவ செத்துப் போச்சு லா! எல்லாரும் அழுற சத்தம் நான் கேட்டேன்!"

அங்கம்மாள் இடுப்பில் கை வைத்துத் திரும்பினார். பழைய அதட்டல் முழுசாக வெளியே வந்தது. "நீ கடைசியில வந்தவன். கனா எது, நெசம் எதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? போ, போயி வேலிக் கதவப் பாரு!" ஒஸ்மான் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போனார். களைக் கூட்டம் நாற்பதும் தானாக வரிசையில் நின்றது. "வர்ற தையில வச்சுக்கலாம்" என்றார் அங்கம்மாள் அண்ணனிடம். செல்லம்மா ஓட்டமாக ஓடி லயத்துக்குள் மறைந்தாள்.

இதே பயணத்தைத் திட்டமிடும் அன்பர்களுக்குச் சில யோசனைகள். எமர்ஜென்சிக்குப் போகிறவர்கள் ஐ.சி.யை மறக்காதீர்கள், புலிகூட வைத்திருக்கிறது. டின் எதுவானாலும் வீட்டிலேயே ஓட்டை போட்டுக்கொண்டு போனால் வழியில் அரை மணி நேரம் மிச்சம். ஐந்து மணிக்கு மேல் தோட்டத்தில் நிற்காதீர்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம், நான் போட்டுப்போன சட்டை பிறகு ஷீட் ரப்பர் விலைக்குத்தான் போயிற்று. பச்சைக் கட்டை நாலு போதும், நான் போட்ட பன்னிரண்டு அதிகம். இன்றைக்குப் படம் எடுக்கிற பிள்ளைகள் கம்ப்யூட்டரில் கனவு செய்கிறார்களாம். செய்யட்டும். பார்க்கிறவன் எதைக் கனவு என்று எடுத்துக்கொள்வான் என்பது எடுத்தவன் கையில் இல்லை என்று நான் அந்தக் கொட்டகையில் பார்த்துவிட்டேன்.

இனி உங்கள் இஷ்டம். அட்டையைத் தள்ளுங்கள், புலியைத் தள்ளுங்கள், மிதந்த மாமியாரையும் கப்பல் விளக்கையும் தள்ளுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஒரே ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம்.

நான் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் கிராணியிடம் விடைபெறப் போயிருந்தார். வேனுக்குப் பின்பக்கம் அங்கம்மாள் தனியாக வந்து நின்றார்.

"அவ செத்துட்டா, இல்ல தம்பி?"

எனக்கு வாய் வரவில்லை. எனக்கு!

"மொத இருமல்லயே தெரியும். எம் புருசன் போனப்பக்கூட நான் வாய்விட்டு அழுவல. அழுதா இந்தச் சனம் மதிக்குமா? கொட்டகைக்குள்ள பொகையில எல்லாருக்கும் கண்ணுல தண்ணி. சிரிச்சுக்கிட்டே அழுதேன், ஒருத்தரும் என்னத் திரும்பிப் பாக்கல."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, லயத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அடுத்த தடவையும் அழுவுற படமே கொண்டாங்க. கட்டைய மட்டும் கொஞ்சம் முன்னாடியே போட்டுரு."