என் பாட்டுக்குள் இன்னொருவரின் குரல்

இன்று கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் வந்த பஸ்ஸில் என் பாட்டுப் போனது. நான் பாடி, காசு கட்டி இறக்கும்படி இணையத்தில் விட்ட பாட்டு.

சந்தோஷப்படுவதற்குள், இரண்டாம் சரணத்துக்கு முன் நான் மூச்செடுக்கும் இடத்தில் ஓர் ஆண் குரல் புகுந்தது.

"இது எங்கள் கடை வெளியீடு. களவாகப் பிரதி எடுக்காதீர்கள்!"

எங்கே எடுத்தது என்று சாரதியிடம் கேட்டேன்.

"மாங்குளத்துப் போன் கடையில பென் டிரைவில ஏத்தினது, தங்கச்சி."

இறங்கி நேரே அந்தக் கடைக்குப் போனேன்.

"அண்ணை, இது நான் பாடின பாட்டு. உடன அழியுங்கோ."

கடைக்காரர் கதிரையை விட்டு எழும்பவில்லை. "நீங்கள் பாடினதெண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

நின்ற இடத்திலேயே இரண்டாம் சரணத்தைப் பாடினேன். போன் திருத்த வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் முகம் கறுத்துவிட்டது. கணினியில் பாட்டை அழித்தார்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "எடுத்ததுதான் எடுத்தீங்கள், உங்கட குரலை ஏன் நடுவில போட்டனீங்கள்?"

"வேற என்ன செய்யிறது? பரந்தன் கடைக்காரன் என்ர பாட்டுகள் எல்லாத்தையும் களவெடுக்கிறான். அவனிட்டையும் ஒருக்காப் போய் உப்பிடிப் பாடிக் காட்டுங்கோ, தங்கச்சி. அவனுக்கும் வெக்கம் வரட்டும்."

நாளைக்குப் பரந்தன் போகிறேன். என் பாட்டைக் காசு கட்டி இறக்கியவர்கள் மட்டும் துணைக்கு வாருங்கள். ஒரு சைக்கிளில் எல்லோரும் போய்விடலாம்.