புரண்டது பூமியின் காந்தமா, கவிதாவின் அம்புக்குறியா?

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. வாரம் முழுக்க மீட்டிங்கில் உட்கார்ந்து தலை வீங்கிப் போயிருந்த எனக்கு, ஒன்பது மணி வரை தூங்குவதைத் தவிர வேறு லட்சியம் எதுவும் இல்லை. ஆனால் காலை ஆறு மணிக்கு நான் காரில் இருந்தேன். காரணம் என் மனைவி ரேவதியின் தங்கை கவிதா. கோலார் தங்கவயல்காரி. பிரேசர் டவுனில் அத்தை வீட்டில் தங்கி நிலவியலில் பி.எச்டி. செய்கிறாள். கறுப்புப் பாறையைத் துளைத்துத் துண்டு எடுத்து, அது உருவான காலத்தில் பூமியின் காந்தம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. இதற்கெல்லாமா ஒரு படிப்பு என்று ஒருமுறை கேட்டுவிட்டு, இரண்டு நாள் உப்பில்லாத சாம்பார் சாப்பிட்டவன் நான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் எரிச்சல் உங்களுக்குப் புரியாது. பெங்களூரைச் சுற்றி மண்ணுக்கடியில் கறுப்புப் பாறை சுவர் சுவராக ஓடுகிறது. இருநூறு கோடி வருடத்துக்கும் முன்னால் பூமியின் விரிசல்களில் ஏறி உறைந்த குழம்பு அது. உறையும்போது அன்றைய காந்தத் திசையை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். இந்தக் காந்தமோ ஓரிடத்தில் நிற்கிற ஜாதி இல்லை. வட காந்தத் துருவம் கனடாப் பக்கமிருந்து சைபீரியாவை நோக்கி நடந்துகொண்டே இருக்கிறது. நம் போனில் இருக்கும் திசைகாட்டிக்கே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதிய கணக்கு போட வேண்டியிருக்கிறது. எப்போதாவது, சில லட்சம் வருடத்துக்கு ஒருமுறையோ இன்னும் தாமதமாகவோ, வடக்கும் தெற்கும் மொத்தமாக இடம் மாறிவிடும்.

கவிதா துளைத்த பாறைகளில் எல்லாம் காந்தம் கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கீழே பார்த்து நின்றது. அந்தக் காலத்தில் இந்த நிலம் துருவத்துக்குப் பக்கத்தில் இருந்ததாம். (அப்போதாவது டிராஃபிக் இல்லாமல் இருந்திருக்கும்.) ஒரே ஒரு பாறையில் மட்டும் காந்தம் மேலே பார்த்து நின்றது. அது உண்மையென்றால் பூமியின் காந்தம் புரண்டதற்கு அவளிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். ஆனால் கட்டைவிரல் தடிமனில் துளைத்தெடுக்கும் கல்லில், எது மேல் எது கீழ் என்று அம்புக்குறி போட வேண்டும். அதைத் தலைகீழாகப் போட்டிருந்தாலும் இதே விடைதான் வரும். ஆய்வேட்டைப் படித்த பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "புரண்டது பூமியா, நீயா?" மறுபடி துளைத்துக் காட்டாவிட்டால் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடச் சொல்லிவிட்டார். பாறை இருந்த இடமோ வீட்டு மனையாக விற்றுப் போயிருந்தது. திங்கட்கிழமை பூமி பூஜை, செவ்வாய்க்கிழமை பாறையை உடைக்க ஜேசிபி. வெள்ளிக்கிழமை ராத்திரி போனில் அழுதாள். அதனால்தான் எனக்குக் காலை ஆறு மணி.

இனி பாதை. என் வீடு எலெக்ட்ரானிக் சிட்டியில். பாறை அத்திபெலே தாண்டி ஆனேக்கல் சாலையில், என் வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டர் தெற்கே. கவிதாவும் அவளுடைய துளைக்கும் மெஷினும் பிரேசர் டவுனில், இருபத்திரண்டு கிலோமீட்டர் வடக்கே. பெட்ரோல் எஞ்சின் வைத்த மெஷினை மெட்ரோவில் ஏற்ற மாட்டார்கள். ஆக நான் வடக்கே போய், அவளை ஏற்றிக்கொண்டு, தெற்கே திரும்பி, மேம்பாலச் சாலைக்கு இரண்டாவது தடவை டோல் கட்டி, என் வீட்டைத் தாண்டியே போனேன். பால்கனியில் ரேவதி காபி குடித்துக்கொண்டிருந்ததைப் பாலத்திலிருந்து பார்த்ததாகவே எனக்கு ஞாபகம். அது பொய்யாக இருக்கலாம், ஆனால் வயிறு எரிந்தது உண்மை.

சில்க் போர்டு சிக்னலில் ஒரு மணி நேரம் நின்றோம். "மாமா, பத்து மணிக்குள்ள போயிடணும்," என்று கவிதா வழியெல்லாம் நச்சரித்தாள். காந்தப் பாறையின் மேல் சாதாரண திசைகாட்டியை வைத்தால் பாறையே முள்ளை இழுத்துவிடுமாம். அதனால் சூரியனின் நிழலை வைத்துத்தான் திசை குறிப்பார்கள். வெயில் வேண்டும், நிழல் வேண்டும். ஆகஸ்ட் மாதப் பெங்களூரில் வெயிலை நம்பி ஒரு படிப்பு! என்ன சொல்ல?

போய்ச் சேரும்போது பத்தே முக்கால். வானம் அழுக்குப் போர்வை. மனையின் சொந்தக்காரர் கிருஷ்ணப்பா, அத்திபெலேயில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தமிழ் நன்றாகவே பேசினார். மெஷினைப் பார்த்ததும் முகம் மாறியது.

"சர்வே ஆளுங்களா? ரோடு கீடு வருதா?"

"இல்லண்ணா, காலேஜ். போன வருஷம் இந்தக் கல்லுல துளை போட்டேன். அதே இடத்துல இன்னும் நாலு துண்டு வேணும்," என்றாள் கவிதா.

"எப்படியும் உடைக்கப் போற கல்லு, எடுத்துக்கோ மகளே. ஆனா அந்த மூலை மட்டும் பேடா, வேண்டாம். அது ஈசான்ய மூலை. பூஜை அங்கதான்."

அவள் பழைய துளைகள் இருந்த இடம் சரியாக அந்த மூலை. மஞ்சள் பூசிய குச்சி ஒன்று அந்தத் துளைகளில் ஒன்றில் செருகியிருந்தது. பாறையின் மற்ற பகுதியெல்லாம் மண்ணுக்குள். வேறெங்கும் துளைக்க வழியில்லை.

மனை சாலைக்குக் கோணலாக இருந்தது. எது வடகிழக்கு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "என் மாப்பிள்ளை சாஃப்ட்வேர்ல இருக்கார். போன்ல பாத்துச் சொன்னார்," என்றார் பெருமையாக. போனை எங்கே வைத்துப் பார்த்தார்? "இதோ, இந்தக் கல்லு மேலதான். சமமா இருக்குல்ல?"

கவிதா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். என் போனைப் பாறையில் வைத்தேன். வடக்கு ஓசூர்ப் பக்கம் போயிருந்தது. ஓசூர் இருப்பது தெற்கே. போனை எடுத்துக்கொண்டு சாலைக்கு நடந்தேன். வடக்கு மெதுவாகத் திரும்பி வீடு வந்து சேர்ந்தது. கிருஷ்ணப்பாவிடம் காட்டினேன்.

"உங்க போன் கெட்டுப் போச்சு சார்," என்றார். அவ்வளவுதான்.

"அண்ணா, வெயில் வரட்டும். நிழல்ல காட்டுறேன். நிழல் பொய் சொல்லாது," என்றாள் கவிதா. எங்கள் பிழைப்பு முழுக்க இப்போது சூரியன் கையில்.

காத்திருந்தோம். சாலையோரக் கடையில் இட்லி முப்பது ரூபாய், சட்னி தண்ணி. பன்னிரண்டே காலுக்கு மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. நான் துள்ளி எழுந்தேன். கவிதா ஒரு குச்சியை நட்டு, குனிந்து பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டாள். நிழலே இல்லை! ஆகஸ்ட் மூன்றாவது வாரம் உச்சிப் பொழுதில் பெங்களூரில் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும், குச்சியின் நிழல் குச்சிக்கடியிலேயே பதுங்கிக்கொள்ளும். வருடத்தில் இரண்டே முறை வரும் அந்த விசேஷத்தில் சரியாக நாங்கள் போய் நின்றிருந்தோம். கிருஷ்ணப்பா குச்சியைச் சுற்றி வந்து பார்த்து, "நிழல் பொய் சொல்லாதுன்னீங்க. ஒண்ணுமே சொல்லலையே," என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அரை மணி நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது.

கிளம்பலாம் என்று நான் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை கொஞ்சம் கத்தியே சொன்னேன். "பேசாம துண்டு எடுத்தாச்சுன்னு சொல்லிட்டு, பழைய ரிசல்ட்டையே திருப்பிக் குடுத்துடேன் கவி. யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் கோபப்படவில்லை. "எனக்கே தெரியலையே மாமா. நான் தப்பா போட்டேனான்னு எனக்கே தெரியல. அதுக்குத்தானே வந்தேன்," என்றாள். நான் கார் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நாலு மணிக்கு மேற்கே மேகம் கிழிந்தது. குச்சியின் நிழல் நீளமாகக் கிழக்கே விழுந்தது. அந்த வாரத்தில் சாயங்கால நிழல் கிட்டத்தட்ட நேர் கிழக்கைத்தான் காட்டும் என்று சொல்லி, அவள் நிழலோடு ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினாள். கிருஷ்ணப்பா கயிற்றின் மேல் நின்று கையை நீட்டிப் பார்த்தார். காலையில் சூரியன் எந்தத் தென்னை மரத்துக்குப் பின்னால் வரும் என்று அவருக்குத் தெரியும். கயிறு அந்த மரத்தைக் காட்டியது. மஞ்சள் குச்சி இருந்தது தென்மேற்கு. நிருதி மூலை.

"அய்யோ தேவரே, கடவுளே! அங்க பூஜை பண்ணிருந்தா?" என்று குச்சியைப் பிடுங்கிக்கொண்டு எதிர் மூலைக்கு ஓடினார். மாப்பிள்ளைக்குப் போன் போட்டு அவர் கன்னடத்தில் பேசியதை இங்கே எழுத முடியாது.

நாலு துண்டு எடுத்தாள். மெஷினுக்குத் தண்ணீர் பம்பு அடித்து என் தோள் கழன்றது. ஒவ்வொரு கல்லிலும் அம்புக்குறியை, பாறையிலிருந்து பிடுங்குவதற்கு முன்னாலேயே நான் போட்டோ எடுத்தேன். என் கார் டிக்கியில் பெரிய ஸ்பீக்கர் இருக்கிறது, அதில் காந்தம் இருக்கிறது என்று கற்களை அங்கே வைக்க விடாமல், பிரேசர் டவுன் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். நான் வீடு திரும்பும்போது மணி ஒன்பதரை.

அந்தப் பக்கம் மனை பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சனிக்கிழமை போகாதீர்கள், போனால் ஏழு மணிக்குள் சில்க் போர்டைத் தாண்டிவிடுங்கள். இட்லிக் கடையைத் தவிருங்கள். கறுப்புப் பாறை தெரிகிற மனையில் போனை வைத்துத் திசை பார்க்காதீர்கள். கார் பானெட் மேலும் வேண்டாம். ஒரு குச்சி நட்டுப் பாருங்கள், ஆனால் ஆகஸ்டில் நடுப்பகலில் நடாதீர்கள். சொந்தக்காரரின் மாப்பிள்ளை சாஃப்ட்வேர் என்றால் கூடுதல் கவனம். நானும் சாஃப்ட்வேர்தான், அதனால் சொல்கிறேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு மீட்டிங் நடுவே கவிதாவிடமிருந்து போன். வெளியே வந்து எடுத்தேன். ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கினாள். அந்தச் சனிக்கிழமைக்காக அவளைத் திட்ட நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்து போனது. என்னம்மா ஆச்சு என்று கேட்டேன்.

"மாமா," என்றாள், "நான் இல்ல மாமா. பூமிதான்."